பேர் கொடுக்க ஆறு மணி வரை

ஆறு மணிக்குள் பேர் கொடுக்க வேண்டும், இப்போது மணி நாலே கால், நடுவில் கராத்தே இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, மாவு மில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே கோட்டீஸ்வரி பூட்டை இழுத்துப் பார்த்தபோதே ஜெய்வந்த் "ம்மா, ஆயி" என்றான். நாலு வயசுப் பிள்ளைக்குக் கதவைப் பூட்டின பிறகுதான் எல்லாம் வரும். திரும்பத் திறந்து, கழுவிவிட்டு, டவுசர் மாட்டி, திரும்பப் பூட்டி, இழுத்துப் பார்த்துப் படி இறங்கும்போது நாலரைக்கு ஐந்து நிமிஷம். பெரியவள் ரித்விகா வெள்ளைக் கராத்தே உடுப்போடு தெருவில் நின்று பெல்ட்டைக் கயிறு மாதிரி சுழற்றிக்கொண்டிருந்தாள். பெல்ட்டு தரையில படுதுடி என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்பாள், ஏன் என்றால் பதில் சொல்ல வேண்டும், பதில் சொல்லிக்கொண்டே போனால் மனசுக்குள் ஓடுகிற அந்த ஒரு வரி அறுந்துபோகும். அண்ணா, லேடீஸ் ஆட்டத்துக்கு ஒரு பேர் எழுதிக்கங்க. வியாழக்கிழமையிலிருந்து இந்த ஒரு வரிதான். வியாழக்கிழமை தண்ணி லாரிக்குக் குடத்தோடு ஓடும்போதுதான் கேரம் கிளப் வாசலில் அந்தக் கரும்பலகையைப் பார்த்தாள். ஆண்டு விழா கேரம் போட்டி, ஞாயிறு காலை, ஆண்கள் ஒற்றையர், இரட்டையர், பத்து வயதுக்கு உட்பட்டோர், அதற்குக் கீழே, கொஞ்சம் சாய்ந்துபோன எழுத்தில், இந்த ஆண்டு முதல் மகளிர் ஒற்றையர். பேர் கொடுக்கக் கடைசி நேரம் சனி மாலை ஆறு மணி. எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை. இருந்தும் மகளிர் என்ற சொல்லை மூன்று தரம் கூட்டிக் கூட்டிப் படித்தாள். லாரி போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் இரண்டு குடம் குறைந்தது.

புருஷனிடம் சொல்லியிருக்கலாம். டில்லிபாபு ஒன்றும் புலி இல்லை. இன்று மதியம் அவன் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டுத்தான் பார்த்தாள், அதையல்ல, அதைச் சுற்றி. "இன்னிக்கு ஒரு நாள் ரித்திய கராத்தேல நீங்க உட்டுட்டு வர்றீங்களா?" "ஏன், உனக்கு இன்னா வேல?" துண்டை எடுத்து நீட்டினாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வாரம் பூரா லேத்துல நிக்கறேன். சனிக்கெழம ஒரு நாலு போர்டு ஆடினாத்தான் மனுசனா இருக்க முடியுது. உனக்கு இன்னா, போற வழியில நாலு பொம்பளைங்களோட பேசினு போற, பேசினு வர. அதுவே டைம்பாஸ்தான?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கெட்ட எண்ணம் துளி இல்லை. அதுதான் இவளுக்கு ஆறவில்லை. குடித்துவிட்டு அடிக்கிறவனாக இருந்தால் தெருவுக்கே தெரியும், நாலு பேர் அய்யோ என்பார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது, என் வீட்டுக்காரர் கேரம் ஆடப் போறாரு என்றா? சீட்டுக்குப் போகல, கடைக்குப் போகல, கேரம்தான, கொடுத்துவெச்சவடி நீ என்பார்கள். கோதுமைப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, ஒரு கையில் ஜெய்வந்தை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையில் ரேஷன் பை, மண்ணெண்ணெய் வாடை போகாத பை, ரயில்வே பாலத்தடியில் ஆட்டோவுக்கு ஒதுங்கி நின்று, டைம்பாஸ் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அதுவும் ஆட்டம் தெரிந்து ஆடினாலாவது. கல்யாணமான புதுசில் கிளப் போர்டு ஒன்றை இழைப்பதற்கு வீட்டுக்குத் தூக்கிவந்தான். அவன் உப்புத்தாள் வாங்கப் போன நேரத்தில் இவளால் இருக்க முடியவில்லை. நாலு காயினை வைத்து ஒரு சுண்டு. இரண்டு காயின் இரண்டு குழியில். தலை நிமிர்ந்தால் அவன் வாசலில் நிற்கிறான். "அட, லக்கு அடிக்குது பாரு உனக்கு" என்றான். ஆமா என்றாள். ஏன் ஆமா என்றாள்? ஒன்பது வருஷமாக அது லக்காகவே இருக்கிறது. ஸ்கூல்ல ஆடியிருக்கேங்க என்று ஐந்தாறு வார்த்தை, வாயைத் திறந்தால் முடிந்துபோகிற காரியம், அன்றைக்கு விட்டதால் மறுநாள் சொல்ல வெட்கம், மறுநாள் விட்டதால் மறுமாசம் சொல்லப் பயம், இன்றைக்கு அது ஏதோ மூடிவைத்த களவு மாதிரி ஆகிவிட்டது. "ம்மா," என்றாள் ரித்விகா, "நீ சின்னப் புள்ளைல எந்த கிளாஸ் போன?" "ஒண்ணும் போல." "கராத்தே?" "ம்ஹூம்." "டான்ஸு?" "பாத்து நட, சாணி." பார், இப்போதுகூட. பிள்ளைதானே கேட்கிறது. பிள்ளையிடம்கூட.

கராத்தே வகுப்பு கல்யாண மண்டபத்து மாடியில். வாசலில் புதிதாக ஒரு பெண் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள், "பேரு?" என்றாள், "ரித்விகா" என்றாள் இவள், எதிரில் கையெழுத்துப் போட்டாள், மாஸ்டர் உள்ளேயிருந்து, "ரித்விகா அம்மா, அடுத்த வாரம் பெல்ட் டெஸ்ட்டு, லேட்டாக்காதீங்க" என்றார், சரிங்க சார் என்றாள். படிக்கட்டில் வழக்கமான இடத்தில் சாதனா அம்மா முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வா வா, ரித்தி அம்மா. இன்னா இன்னிக்கு மூஞ்சி பரீட்ச எழுதப் போறவ மாதிரி கீது?" "ஒண்ணுமில்லக்கா, ரேஷன்." "எங்க சாதனாவுக்கு அபாகஸ் போட்டிருக்கேன், தெரியுமா? புதன், வெள்ளி. ஞாயித்துக்கெழம ஸ்கேட்டிங்கு. எனக்குன்னு ஒரு ஞாயித்துக்கெழம இருந்துச்சு, அதக் கால்ல சக்கரத்த மாட்டி ஓட்டினு போயிட்டா." சாதனா அம்மா சிரித்தால் படிக்கட்டே அதிரும். கோட்டீஸ்வரிக்கு என்ன தோன்றியதோ, "உனக்கு எதுனா புடிக்குமாக்கா?" என்று கேட்டுவிட்டாள். "எனக்கா?" சாதனா அம்மா யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், நெற்றி சுருங்கியது. "தூங்கப் புடிக்கும்" என்றாள். "போடி, இன்னா கேள்வி கேக்கறா பாரு." பிறகு சிரிக்கவில்லை. உள்ளே முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஹை, ஹை என்று காற்றைக் குத்துகின்றன. ரித்விகா கடைசி வரிசையில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டே குத்துகிறாள். அதற்கு டான்ஸ்தான் ஆசை. டில்லிபாபுதான் கராத்தே என்றான், பொம்பளப் புள்ள தைரியமா வளரட்டும் என்றான். வளரட்டும். கொண்டுவந்து விடுவதற்கும் கூட்டிப்போவதற்கும் ஒரு தைரியம் இல்லாத பொம்பளை வேண்டியிருக்கிறது.

ரேஷன் கடையில் பதினோரு பேர். மணி ஐந்துக்கு எட்டு நிமிஷம். இந்த வரிசை நகர்ந்தால், சர்க்கரை வாங்கிக்கொண்டு, மில்லில் கோதுமையைப் போட்டுவிட்டு, ஐந்தரைக்கு ரித்தியை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி, ஐந்து ஐம்பதுக்குக் கிளப் வாசல். வாசலில் மேஜை போட்டு ஏழுமலை அண்ணன் உட்கார்ந்திருப்பார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வானவர், கிளப்புக்குச் செகரெட்டரி. அண்ணா, லேடீஸ் ஆட்டத்துக்கு ஒரு பேர் எழுதிக்கங்க. சிரிக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே பார்க்கக் கூடாது. இன்னாம்மா, வெளையாடறியா என்பார், ஆமாண்ணா, ஸ்கூல்ல ஆடியிருக்கேன். மண்டலத்துல ஃபர்ஸ்ட்டு. அதைச் சொல்லலாமா? சொன்னால் பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்குமோ? கார்ப்பரேஷன் ஸ்கூலில் பி.டி. ரூமில், உடைந்த பெஞ்சுக்கும் கிழிந்த வாலிபால் வலைக்கும் நடுவில் ஒரு போர்டு கிடந்தது, மூலைக் குழி வலை இல்லாத போர்டு, காயின் விழுந்தால் தரையில் உருண்டு ஓடும், ஓடிப் பொறுக்க வேண்டும். பவுடருக்குப் பதில் சாக்பீஸ் தூள். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை சாப்பாட்டு மணிக்கு அதுதான். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வாய் பேச வராத பெண்ணுக்கு அந்த ஆட்டம் தோதாக இருந்தது. ஆடுகிறவர்கள் பேச வேண்டியதில்லை, காயின் பேசும், டக் என்று, அப்புறம் குழியில் விழும்போது அதைவிட மெதுவாக ஒரு டொக். மண்டலப் போட்டியில் எதிரில் உட்கார்ந்தவள் கண்ணாடி போட்ட கான்வென்ட் பெண். கோட்டீஸ்வரி முதல் கையிலேயே வரிசையாக ஐந்து காயின் போட்டாள், பிறகு சிவப்பு, சிவப்புக்குத் துணைக் காயின், பிறகு மிச்சக் காயின் எல்லாம், எதிராளிக்கு ஸ்டிரைக்கரே போகவில்லை, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், இவளுக்குக் காது சுட்டது. அந்த வருஷமே வயசுக்கு வந்தாள். "ஆம்பளைங்க சுத்தி நின்னு வேடிக்க பாக்க, முன்னாடி குனிஞ்சினு இன்னாடி ஆட்டம் உனுக்கு" என்றாள் அம்மா. அம்மா சொன்னதில் பொய் இல்லை. பார்க்கத்தான் செய்வார்கள். நாளைக்கும் பார்ப்பார்கள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, ரெண்டு பக்கமும் பின் குத்திக்கொண்டால்... "யம்மா, தூங்குறியா? கைய வை." கடைக்காரர். கோட்டீஸ்வரி ஆள்காட்டி விரலை வைத்தாள். மெஷின் கீச்சென்றது. "விழல. தொடச்சிட்டு வை." துடைத்து வைத்தாள். கீச். "இன்னாம்மா, தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்திரத்தோட ரேகையும் போயிடுச்சா? வேற வெரலு வை." பின்னால் ஒருத்தர் சிரித்தார். கட்டைவிரல், கீச். நடுவிரல், கீச். கடைசியில் இடது கை மோதிர விரலை எடுத்துக்கொண்டது. "டில்லிபாபு கார்டு, சக்கர ரெண்டு" என்று உள்ளே குரல் கொடுத்தார். பையைப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நகத்துக்குக் கீழே வழவழவென்று, சவக்காரம் தின்ற தோல். ஸ்டிரைக்கர் இதற்குத் தெரியுமா? நேற்று மத்தியானம் பிள்ளைகள் ரெண்டும் ஸ்கூலில் இருக்கும்போது சமையல்கட்டுத் தரையில் பாட்டில் மூடியைச் சுண்டிப் பார்த்தாள். டைல்ஸ் கோட்டிலிருந்து சிலிண்டர் கால் வரை. நாற்பது தரம். முதல் இருபது கோணல், அப்புறம் கை ஞாபகத்துக்கு வந்தது, கடைசிப் பத்தில் எட்டு நேர். கேஸ்காரன் கதவைத் தட்டினான். திருடி மாதிரி மூடியை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். அவன் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகும் மூடியை மடியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. சொந்த வீட்டில், சொந்தத் தரையில், ஒரு பாட்டில் மூடி.

கடையை விட்டு வெளியே வரும்போது ஐந்து இருபத்தெட்டு. மில் பக்கம் போகவில்லை. தோளில் கோதுமை அப்படியே கனத்தது, ராத்திரி சப்பாத்தி என்று அவன் காலையிலேயே சொல்லியிருந்தான். இருக்கட்டும், இன்றைக்கு உப்புமா தின்னட்டும் என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் ஏதோ பெரிய குற்றம் செய்த மாதிரியும் பண்டிகை வந்த மாதிரியும் இரண்டும் கலந்து கால் வேகமெடுத்தது. ஜெய்வந்த் தூக்கு என்றான். தூக்கினாள். மாடியில் வகுப்பு முடியவில்லை, மாஸ்டர் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார், சிரி, சிரிக்காதே, முஷ்டியை மடக்கு, இன்னொரு தரம். ஐந்து முப்பத்தெட்டு. ரித்விகாவை எல்லாருக்கும் முன்னால் கையைப் பிடித்து இழுத்தால் மாஸ்டர் என்ன நினைப்பார்? நினைத்துக்கொள்ளட்டும். ஆனாலும் இழுக்கவில்லை. ஐந்து நாற்பத்தொன்று. "இன்னா அவசரம், குந்து" என்றாள் சாதனா அம்மா. இவள் குந்தவில்லை. போட்டோ முடிந்து, ரித்விகா செருப்பைத் தேடி, ஒரு செருப்பு இன்னொரு பிள்ளை காலில் போய்விட்டிருந்து, அதை ஓடிப் பிடித்து, பாலத்தடிக்கு வரும்போது ஐந்து ஐம்பது. தோளில் ஜெய்வந்த் தூங்கிவிட்டான், எச்சில் கழுத்தில் வழிகிறது, மறு தோளில் கோதுமை, விரலில் சர்க்கரைப் பை அறுக்கிறது. "ம்மா, மெதுவா, ஏம்மா ஓடற?" அண்ணா, லேடீஸ் ஆட்டத்துக்கு ஒரு பேர். மூச்சு வாங்காமல் சொல்ல வேண்டும். நாளைக்குக் காலை டில்லிபாபு எழுந்திருப்பதற்குள் சோறு வடித்துவைத்துவிட்டால் அவன் ஒன்றும் சொல்ல முடியாது. மீன் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் எப்படி, சரி, ஆறு மணிக்கே மார்க்கெட் போய்விடலாம். அவன் என்ன சொல்வான்? சிரிப்பான். சிரித்தால் சிரிக்கட்டும், முதல் அடி அடித்ததும் நிற்கும் அந்தச் சிரிப்பு. அதைப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால் கப்பு கூட வேண்டாம், அதை ஒரு தரம் பார்த்தால் போதும், லக்கு என்று சொன்ன வாய் திறந்தபடி நிற்பதை.

கிளப் ஒரு கூடம், ஓடு வேய்ந்தது, நாலு போர்டு, போர்டுக்கு மேலே தாழத் தொங்குகிற பல்பு. வாசலில் மேஜை, ஏழுமலை அண்ணன், நீட்டு நோட்டு. உள்ளே பார்க்கக் கூடாது என்று வந்தவள் முதலில் உள்ளேதான் பார்த்தாள். டில்லிபாபு முதுகைக் காட்டிக்கொண்டு முதல் போர்டில். எதிர் மூலைக் குழி வாயில் அவனுடைய வெள்ளை ஒன்று நிற்கிறது, அதை மறித்துக்கொண்டு எதிராளியின் கறுப்பு. மெதுவாக, கறுப்பின் காதை உரசிக்கொண்டு விட்டால் வெள்ளை தானாக விழும், விடேன், மெதுவாக விடேன் என்று கோட்டீஸ்வரியின் விரல் பைக் காதுக்குள் தானாக மடங்கியது. அவன் முழங்கையைத் தூக்கிக்கொண்டு ஓங்கிச் சுண்டினான். கறுப்பு விழுந்தது, பின்னாலேயே ஸ்டிரைக்கரும் விழுந்தது. "டில்லி, எதிராளிக்கு ஊட்டி உடறியேடா, நீ நல்லா இருப்ப" என்றான் ஒருத்தன். கூடம் சிரித்தது, டில்லிபாபுவும் சிரித்தான், எவ்வளவு சுகமாகச் சிரிக்கிறான், தப்பாக ஆடிவிட்டுச் சிரிக்க இவனுக்கு இடம் இருக்கிறது. "இன்னாம்மா, டில்லியக் கூப்டணுமா?" ஏழுமலை அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் ஐந்து ஐம்பத்தேழு. "இல்லண்ணா" என்றாள். ஜெய்வந்தைத் தோளில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டத்துக்கு... ஒரு பேர் எழுதிக்கங்க." சொல்லிவிட்டாள். லேடீஸ் என்ற சொல் நடுவில் எங்கோ விழுந்துவிட்டது, பரவாயில்லை, சொல்லிவிட்டாள், முதுகெல்லாம் வியர்வை. "குடுத்துட்டாப் போச்சு" என்று அவர் பேனா மூடியைப் பல்லால் கழற்றி, நோட்டைத் திருப்பி, "பேரு?" என்றார்.

"ரித்விகா" என்றாள் கோட்டீஸ்வரி.

காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. பேனா ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வருஷமாக ஊசி போடுகிற இடத்தில், ஸ்கூலில், மருந்துக் கடையில், மண்டபத்து மாடியில், யார் நோட்டை வைத்துக்கொண்டு பேரு என்றாலும் இந்த வாய்க்கு ஒரே பேர்தான். மூன்று நாளாக எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தாள், எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது, முந்தானை, பின், மீன். பேரை மட்டும் பார்க்கவில்லை. "வயசு?" என்றார் அவர், இன்னும் தலை நிமிராமல். இதோ இப்போது சொல்லலாம், இருபத்தெட்டு என்று சொன்னால் போதும், அவரே நிமிர்ந்து பார்ப்பார், வாயைத் திறந்தாள். "எட்டு, தாத்தா!" என்றாள் பக்கத்திலிருந்து ரித்விகா. டில்லிபாபு நாற்காலியோடு திரும்பினான். "யாரு, ரித்தியா? கேரமுக்கா? பேர் குடுத்துட்டியா?" எழுந்தே வந்துவிட்டான், முகமெல்லாம் பல். "பாத்தியா, செகரெட்டரி, என் ரத்தம்! இந்தா, நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே." அண்ணா, தப்பா சொல்லிட்டேன், எம்பேரதான் எழுதணும். வாக்கியம் ரெடியாக நாக்கில் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கண்முன்னே இருந்தது: கூடம் முழுக்கத் திரும்பும், சொந்தப் பேரையே மாத்திச் சொன்னவளா ஆட வரா என்று ஒருத்தன் ஆரம்பிப்பான், தப்பாக ஆடிவிட்டுச் சிரித்த அதே வாய்கள், டில்லிபாபு வாய் உட்பட. தோளில் ஜெய்வந்த் புரண்டு படுத்தான். கோதுமைப் பை நழுவியது, பிடித்துக்கொண்டாள். ஏழுமலை அண்ணன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார், மேலே மகளிர் ஒற்றையர் என்று கோடு போட்டு அழகாக எழுதி, கீழே ஒன்றுமில்லை. "ஒரு பேரு வரல பாரு, டில்லி. நான் அப்பவே சொன்னேன், நம்ம பொம்பளைங்களுக்கு எங்க இதுல எல்லாம் இஷ்டம். வருசத்துக்கு ஒரு தபா ஆடுங்கடின்னாலும் வர மாட்டாளுங்க." பேனாவால் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். "பத்து வயசுக்குக் கீழ காலைல ஒம்போது மணிக்கும்மா. கரெக்டா கூட்டினு வந்துரு."

"ஒம்போதுன்னா ஒம்போதேவாண்ணா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் வந்தது. அவர் ஆமா என்றார். டில்லிபாபு, "நீ போ, நான் ஒரு போர்டு முடிச்சிட்டு வரேன். சப்பாத்திக்குக் குருமா வெச்சிடு" என்று திரும்ப உட்கார்ந்தான். தெருவிளக்கு இன்னும் போடவில்லை. கோதுமை கோதுமையாகவே இருந்தது, மில் மூடியிருக்கும், அதற்கு அவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நடந்தாள், பொய் ஒன்றும் அகப்படவில்லை. காலையில் மீன், பிறகு ரித்தியைக் குளிப்பாட்டி ஒன்பதுக்கு இங்கே, நின்றுகொண்டு பார்க்க வேண்டும், சுற்றி நின்று பார்க்கிறவர்களோடு. ரித்விகா பெல்ட்டைத் தெருவில் இழுத்துக்கொண்டே வந்தாள். அப்புறம், "எனக்கு அது ஆடவே தெரியாதேம்மா" என்றாள். அழப் போகிற குரல். "எப்டிம்மா ஆடறது?" கோட்டீஸ்வரி நடந்துகொண்டே இருந்தாள். பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுத்தது. "ம்மா, உனக்குத் தெரியுமா?"

"உங்கப்பாவக் கேளு" என்றாள்.